பதினேழு மாடியைப் பத்திரமாக இடித்த கதை

ஒரு காட்டில் பதினேழு மாடி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மரங்களும் இருந்தன. ஆனால் வழி கேட்டால் மரத்தை யாரும் அடையாளம் சொல்வதில்லை. "மாடிக்கு இந்தப் பக்கம், மாடிக்கு அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள்.

கட்டியவை கரையான்கள். கட்டச் சொன்னது ஒரு கரடி. எதற்கு என்று கேட்டதற்கு, "பட்டணத்துல எல்லாம் இப்படித்தான்" என்றது. எந்தப் பட்டணம் என்று யாரும் கேட்கவில்லை. மாடிக்கு நாலு வீடு, வீட்டுக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட ஒரு கம்பி. துணி உடுத்துகிற பிராணி அந்தக் காட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் கம்பி இருந்தது.

வளர்பிறை வியாழக்கிழமை பால் காய்ச்சிக் குடியேறுவது என்று நாள் குறித்தார்கள். கட்டடத்துக்குப் பெயரும் அன்றைக்குத்தான் வைப்பதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் கட்டடம் கிழக்கே சாய்ந்தது.

விழவில்லை, கேளுங்கள். சாய்ந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர் பக்கத்து இலைக்காரர் தோளில் சாய்வாரே, அப்படி. கரடி அன்று சாயங்காலமே தேன் எடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனது. இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கட்டடம் சாய்ந்த பக்கத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள், கோமளம் என்ற காட்டுக்கோழி இருந்தது. அதே புதன்கிழமை காலையில்தான் அது ஒன்பது முட்டையிட்டு முடித்து அடைக்கு உட்கார்ந்திருந்தது. மத்தியானம் திடீரென்று வெயில் மறைந்தது. மழை மேகம் என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பதினேழு ஜன்னல் வரிசையும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.

குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். அதற்குள் மாடி விழுந்துவிட்டால்?

அடுத்த வளையில் பட்டம்மா என்ற கீரி குடியிருந்தது. கோமளம் அதனிடம் போய்ச் சொன்னது.

"அக்கா, இது நம்ம மேலதான் விழும் போல இருக்கே."

"விழுந்தா என்னடி, ஒரு மனு குடுத்திட்டு வா" என்றது பட்டம்மா. "மனு குடுத்தா அந்தப் பக்கமா விழுமா?" என்று கேட்டது கோமளம். "எந்தப் பக்கம் விழுந்தாலும் கேக்குறதுக்கு ஒரு நம்பர் இருக்கும்ல?"

கோமளம் ஒன்பது முட்டையையும் ஒரு பாக்குமட்டையில் வைத்து இழுத்துக்கொண்டு கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனது. அங்கே வரிசை ஆலமரத்தைச் சுற்றி இரண்டு சுற்று இருந்தது. முட்டை ஆறிவிடக் கூடாதே. அதனால் கோமளம் வரிசையிலேயே அடைகாத்தது. முன்னால் இருக்கிறவர் ஒரு அடி நகர்ந்தால் மட்டையை ஒரு அடி இழுக்கும், மறுபடி உட்காரும். இப்படியே நாலாம் நாள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆளவந்தார் என்ற உடும்பு இருந்தது. அதுதான் பாதுகாப்பு அலுவலர். ஒரு ஃபைலைப் பிடித்தால் விடாது என்று பெயர் வாங்கிய அலுவலர். விடாததால் எந்த ஃபைலும் அடுத்த மேஜைக்குப் போனதில்லை.

"என்ன வேணும்மா?"

"அந்த மாடி சாஞ்சு நிக்குது சார். விழுந்தா என் முட்டை மேல விழும். பத்திரமா இடிச்சுக் குடுக்கணும்."

"முட்டையையா?"

"மாடியை சார்."

"எழுதிக் குடுங்க."

கோமளம் காலால் எழுதிக் கொடுத்தது. அலுவலகத்தில் பாதிப் பேருடைய எழுத்து அப்படித்தான் என்பதால் படிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

"மனுவின் சாரம், கட்டடம் முட்டை மேல் விழக் கூடாது. சரிதானே?" என்றது ஆளவந்தார். "இப்ப முதல் கேள்வி. அங்க பால் காய்ச்சியாச்சா?"

"அது எதுக்கு சார்?"

"குடியிருக்கிற வீட்டை இடிக்கக் கூடாதும்மா, சட்டம் இருக்கு. பால் காய்ச்சி, பொங்கி, ஒரு சொட்டு அடுப்புல விழுந்திடுச்சுன்னா அது குடியிருக்கிற வீடு. அதுக்கப்புறம் அந்த வீட்டை நான் தொட்டா என் வேலை போயிடும்."

"காய்ச்சலை சார். முந்தின நாளே சாஞ்சிடுச்சு."

"அப்ப கவலையே படாதீங்க. காலிக் கட்டடம். ஊதித் தள்ளிடலாம்" என்று சொல்லிவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தி, "பாதுகாப்பா" என்று சேர்த்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் மரங்கொத்தி வந்தது. அதுதான் இன்ஜினீயர். ஒவ்வொரு தூணாக டொக் டொக் என்று தட்டிக் காதை வைத்துக் கேட்டது. பதினேழு மாடியும் தட்டிவிட்டுக் கீழே வந்தபோது அதன் கொண்டை முழுக்க மண்.

"எல்லாம் பொக்கு" என்றது. "வெறும் மண்ணும் எச்சிலும். பழக்க தோஷத்துல நிக்குது."

"எத்தனை நாள் சார் நிக்கும்?" கோமளம் முட்டை மேலிருந்தபடியே கேட்டது.

"அது காத்தைப் பொறுத்தது."

"காத்து?"

"காத்து எதைப் பொறுத்ததுன்னு எனக்குத் தெரியாதும்மா. என் படிப்பு கட்டடத்தோட முடிஞ்சுது."

இடிக்கும் வேலை குஞ்சிதபாதம் என்ற யானைக்குப் போனது. யானை கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "ஒரு தள்ளு போதும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றது.

ஆளவந்தாருக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. "தள்ளுறதாவது! பாதுகாப்பா இடிக்கணும்யா. மேல் மாடியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா இறக்கணும். மேற்குப் பக்கமா காட்டுக்கொடி கட்டி இழுத்துப் பிடிச்சிருக்கணும். தூசி பறக்காம தண்ணி அடிக்கணும். தூக்கணாங்குருவிகளை விட்டு நாலு பக்கமும் பச்சை வலை பின்னணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மயில் மூணு தடவை அகவணும். இருநூறு காலடிக்குள்ள ஒரு உயிர் இருக்கக் கூடாது."

யாருடைய காலடி என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அளந்தது யானை. ஆகவே யானையின் காலடி. கிழக்கே இருந்த முப்பத்தெட்டுக் குடும்பமும் கோட்டுக்குள் வந்துவிட்டன.

முப்பத்தெட்டுப் பேருக்கும் படிவம் கொடுத்தார்கள். 'வீட்டை விட்டு வெளியேறுபவர் பெயர்' என்று அதில் ஒரு கட்டம். நத்தை அதைப் படித்துவிட்டு வெகு நேரம் யோசித்தது. "நான் வீட்டை விட்டு வெளியேறினா செத்துப்போயிடுவேன் சார்" என்றது. ஆளவந்தார் கட்டத்துக்குப் பக்கத்தில் 'வீட்டுடன் வெளியேறுகிறார், புறப்பட்டுவிட்டார்' என்று எழுதிக்கொண்டது.

கோமளம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தது. பதினெட்டு முடிந்து பத்தொன்பதாம் நாள் காலை பத்தரைக்கு இடிப்பது என்று முடிவாயிற்று. இரண்டு நாள் மிச்சம். கோமளத்துக்கு மூச்சு வந்தது.

"நாங்க எங்க சார் போறது?" என்று கேட்டது.

"அதுவும் விதியில இருக்கும்மா. வெளியேத்தினவங்களை வெட்டவெளியில விடக் கூடாது. கூரை இருக்கணும், சுவர் இருக்கணும், முப்பத்தெட்டுக் குடும்பமும் தங்குற அளவுக்கு இடம் இருக்கணும், காலியா இருக்கணும்." ஆளவந்தார் காடு முழுக்கத் தேடிப் பார்த்த களைப்போடு பெருமூச்சு விட்டது. "காட்டுல அப்படி ஒரே ஒரு கட்டடம்தான் இருக்கு."

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"சார், அது இடிக்கிற கட்டடம் ஆச்சே?"

"இடிக்கிறது பத்தரைக்கு. உங்களை வெளியேத்துறது ஆறு மணிக்கு. நாலரை மணி நேரம் உங்களை எங்கேயாவது வைக்கணும்ல? பத்து இருபத்தஞ்சுக்கெல்லாம் இறக்கி விட்ருவோம்."

"எங்க இறக்குவீங்க?"

"கீழ."

"கீழ ஆபத்தான பகுதின்னு கோடு போட்டிருக்கீங்களே?"

"அதனாலதான்மா மேல வைக்கிறோம்" என்றது ஆளவந்தார், மிகவும் பொறுமையாக.

கோமளத்துக்கு இதில் எங்கேயோ ஏதோ இடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் நாலு நாள் வரிசையில் நின்றவர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அதுவும் கையில் முட்டையோடு.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டுக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு படியேறின. மாடிக்கு இரண்டு மூன்று குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கோமளத்துக்கும் பட்டம்மாவுக்கும் பதினாலாம் மாடி. கோமளம் முட்டைகளை ஒவ்வொன்றாகப் படியேற்றி முடித்தபோது இடுப்பு ஒடிந்துவிட்டது. பாக்குமட்டையைத் தரையில் வைத்தது. மட்டை தானாகவே கிழக்கே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

பட்டம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"உள்ள வாங்கக்கா."

"சும்மாவாடி வருவாங்க? புது இடம். பால் காய்ச்சாம காலை வச்சா விளங்குமா?"

"நாலரை மணி நேரத்துக்காக்கா?"

"நாலு நிமிஷம்னாலும் வீடு வீடுதான்டி. எங்க வீட்டுல ஒருத்தி அப்படித்தான் மழைக்கு ஒதுங்கின பொந்துல பால் காய்ச்சாம ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தா. ஆறு மாசம் அவளுக்கு ஒரு பாம்புகூடச் சிக்கலை. உனக்கென்ன, பிள்ளை பொறக்கப்போற நேரம். நல்லது கெட்டது பாக்க வேணாம்?"

பிள்ளை என்றதும் கோமளம் சட்டியை எடுத்துக் கொடுத்தது. சட்டம் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் ஒரு பக்கம் சட்டம், இன்னொரு பக்கம் ஒன்பது முட்டை. நீங்களாக இருந்தாலும் பாலைத்தான் வைத்திருப்பீர்கள்.

பட்டம்மா காட்டெருமை வீட்டிலிருந்து வாங்கி வந்திருந்த பாலைச் சட்டியில் ஊற்றி, மூன்று கல் கூட்டி, அடுப்பு மூட்டியது. பால் கொதித்தது. நுரைத்தது. கட்டடம் கிழக்கே சாய்ந்திருந்ததா, சட்டியும் கிழக்கே சாய்ந்திருந்ததா, பால் ஒரு சொட்டுகூட வேறு பக்கம் போகாமல் அப்படியே கிழக்கே பொங்கி வழிந்தது.

"கிழக்கே பொங்கிடுச்சுடி!" என்று பட்டம்மா போட்ட சத்தம் பதினேழு மாடிக்கும் கேட்டது.

அப்புறம் யார்தான் சும்மா இருப்பார்கள்? பதிமூன்றாம் மாடியில் முயல் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். அங்கேயும் கிழக்கே. ஒன்பதாம் மாடியில் முள்ளம்பன்றி மாமா வீட்டில், கிழக்கே. எட்டு மணிக்குள் முப்பத்தேழு வீட்டிலும் பால் பொங்கிவிட்டது, முப்பத்தேழும் கிழக்கே. காட்டில் இதற்கு முன்னால் எந்தக் கட்டடத்திலும் இப்படி நடந்ததில்லை. முப்பத்தெட்டாவது வீடு நத்தையுடையது. அது அப்போது இரண்டாம் படியில் இருந்தது.

"ராசியான கட்டடம்பா. எந்தப் பாவி இதைப் போய் இடிக்கச் சொன்னது?" என்றது முள்ளம்பன்றி.

கோமளம் முட்டைகளுக்கு மேல் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

கீழே குஞ்சிதபாதம் குளித்து, நெற்றியில் விபூதி பூசி, பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தும்பிக்கையில் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி நடுத்தரையில் போட்டு உடைத்தது. மயில் மூன்று தடவை அகவியது. அப்போதுதான் ஆளவந்தாருக்கு மூக்கில் ஏறியது, பால் தீய்ந்த வாசனை.

நாலு காலில் சுவரேறி ஓடியது. ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தது. பதினாலாம் மாடி ஜன்னலில் தலையை உள்ளே விட்டது.

"இந்தாங்க சார், பால் எடுத்துக்குங்க" என்று பட்டம்மா ஒரு தொன்னையை நீட்டியது.

"யாருங்க காய்ச்சினது?"

"நான்தான். ஏன், சர்க்கரை பத்தலையா?"

"பொங்கிச்சா? அடுப்புல விழுந்துச்சா?"

"கிழக்கே!" என்றது பட்டம்மா.

ஆளவந்தார் ஜன்னல் கம்பியிலேயே வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. துணி காயப்போடும் கம்பிக்கு முதல் தடவையாக ஒரு உபயோகம். "போச்சு. இது இப்ப குடியிருக்கிற வீடு. இதைத் தொடக் கூடாது."

கீழேயிருந்து குஞ்சிதபாதம் குரல் கொடுத்தது. "சார்! ஆரம்பிக்கலாமா? மணி பத்து இருபது!"

"முடியாதுய்யா! பால் காய்ச்சிட்டாங்க!"

"அதெப்படி சார்? நான் பூசணிக்காய் உடைச்சாச்சு. உடைச்ச பிறகு எதையாவது இடிக்காம திரும்பிப் போனா என் தொழில் விளங்காது. வீட்டுல ரெண்டு பொட்டைப் பிள்ளைங்க இருக்கு எனக்கு."

ஆளவந்தார் இடிக்கச் சொன்ன உத்தரவை எடுத்து ஒருமுறை படித்தது. கட்டடத்தின் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கரடிதான் பெயரே வைக்கவில்லையே. அதனால் யாரோ குமாஸ்தா, 'அந்த இடத்தில் காலியாக இருப்பது' என்று எழுதிவைத்திருந்தார். ஆளவந்தார் நிமிர்ந்தது. கிழக்கே பார்த்தது. உண்ணிச்செடிப் புதர், கீரி வளை, முயல் வளை, முள்ளம்பன்றிக் குழி. எல்லாம் காலி. ஒரு உயிர் இல்லை. இருநூறு காலடிக்கும் கோடு வேறு போட்டிருந்தது.

"சார்..." என்றது கோமளம்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு பால்தான்மா கணக்கு. இங்க காய்ச்சிட்டீங்கன்னா அங்க காலி."

பத்தரைக்கு வேலை ஆரம்பமாயிற்று. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், அவ்வளவு பத்திரமாக யாரும் எதையும் இடித்ததில்லை. புதரைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார்கள். தூசி எழாமல் தண்ணீர் அடித்தார்கள். விதிப்படி மேலிருந்து கீழாக, முதலில் கொழுந்து, பிறகு இலை, பிறகு கிளை என்று இறக்கினார்கள். வளைகளுக்கு மேல்தளம் என்று ஒன்று இல்லாததால், ஒவ்வொரு வளைக்கு மேலும் கூடை மண்ணைக் கொட்டி, முதலில் அதைப் பத்திரமாக இறக்கிவிட்டுப் பிறகு வளையை மூடினார்கள்.

கோமளம் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. புதருக்கு நடுவில், சருகில், அது உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான இடம் பதினாலாம் மாடியிலிருந்தும் தெரிந்தது. வட்டமாக, ஒரு கோழி அளவுக்கு. குஞ்சிதபாதம் அதன் மேல் காலை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு மயில் அகவியது. வைத்துவிட்டது.

மத்தியானம் ஆளவந்தார் ஒரு காகிதத்தோடு மறுபடி ஏறி வந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மனுவை முடிச்சிடுறேன்."

"எது சார் முடிஞ்சுது? மாடி அப்படியே இருக்கு. என் வீடு போச்சு."

"உங்க மனு என்ன?" ஆளவந்தார் ஃபைலைப் புரட்டியது. "கட்டடம் முட்டை மேல் விழக் கூடாது. இப்ப முட்டை எங்க இருக்கு?"

"இங்கதான். என் அடியில."

"கட்டடம் எங்க இருக்கு?"

"முட்டைக்கு அடியில."

"இனிமே இது எப்படிம்மா முட்டை மேல விழும்?"

கோமளம் யோசித்துப் பார்த்தது. கையெழுத்துப் போட்டது. ஆளவந்தார் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஃபைலை விட்டது.

இருபத்தொன்றாம் நாள் ஒன்பது முட்டையும் பொரிந்தன. ஒன்றுகூட வீணாகவில்லை. பட்டம்மா மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. "நான் சொன்னேன்ல? கிழக்கே பொங்கின பால்!"

குஞ்சுகள் சாய்ந்த தரையில் பிறந்தன, சாய்ந்த தரையில் நின்றன, சாய்ந்த தரையில் ஓடின. கிழக்குக் காலை நீட்டி மேற்குக் காலை மடக்கி, ஒன்பதும் ஒரே மாதிரி நடந்தன. திரும்பி வரும்போது காலை மாற்றிக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து கோமளம் அவற்றை முதல் தடவையாகக் கீழே கூட்டிப் போனது. மூன்றாம் படியில் நத்தைக்கு வணக்கம் சொன்னார்கள். தன் வீட்டோடும் தன் விலாசத்தோடும் அந்த முப்பத்தெட்டில் மிச்சமிருந்த ஒரே குடும்பம் நத்தையுடையதுதான். பிறகு தரையில் கால் வைத்தார்கள். வைத்ததும் ஒன்பது குஞ்சும் பொத்தென்று மேற்கே விழுந்தன. எழுந்தன. மறுபடி விழுந்தன.

"அம்மா, தரை சாயுது!" என்று அழுதன.

"தரை எங்கடா சாயும்?" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி வைத்தது கோமளம். மூன்றாவது அடியில் அதுவும் மேற்கே விழுந்தது.

விழுந்த இடத்திலேயே படுத்து மேலே பார்த்தது. மாடி அதன் கண்ணுக்கு நேராக நின்றது. மரங்கள் எல்லாம் கோணல்.

மறுநாளே பாக்குமட்டையில் ஒன்பது குஞ்சையும் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனது. இந்தத் தடவை வரிசை இல்லை. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் மாடியில் இருந்தார்கள்.

"என்னம்மா?"

"தரை சாஞ்சிருக்கு சார். பிள்ளைங்க விழுந்து விழுந்து எந்திரிக்குது. பத்திரமா சரிபண்ணிக் குடுக்கணும்."

ஆளவந்தார் மரங்கொத்தியை அனுப்பியது. மரங்கொத்தி தரையை இங்கே தட்டி, அங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டது. டொக் என்ற சத்தமே வரவில்லை. "அடி வரைக்கும் கெட்டியா இருக்கு" என்று தலையை ஆட்டியது. "இப்படி ஒண்ணை நான் படிச்சதே இல்லை. கொஞ்சம் ஆபத்துதான்."

அன்றே உத்தரவு வந்தது. தரை சரிசெய்யப்படும் வரை யாரும் மாடியை விட்டு இறங்க வேண்டாம்.

இதற்கிடையில் காற்று அடிக்கும். மாடி ஒரு விரற்கடை கிழக்கே போகும். பதினாலாம் மாடியில் ஒன்பது குஞ்சும் தானியத்திலிருந்து தலையைத் தூக்காமலே மேற்குக் காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளும்.

நீதி: விழப்போகிற வீடாகப் பார்த்துக் குடியேறுங்கள். அதை மட்டும்தான் யாரும் இடிக்க வர மாட்டார்கள்.